கேட்காமல் வந்த மன்னிப்பு

1

போன வாரத்துக்கு முந்தின வாரம், புதன்கிழமை, கப்பல் தபாலில் எனக்கு மன்னிப்பு வந்து சேர்ந்தது. நான் கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக மலாய் நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்க்கிறேன். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது. இத்தனை வருஷத்தில் என்னை மன்னியுங்கள் என்று ஊருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனாலும் மன்னிப்பு வந்துவிட்டது, மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தோடு.

அனுப்பியவர் நான் வளர்ந்த மிஷன் கம்பவுண்டின் புது அய்யர். எங்கள் கம்பவுண்டில் தமிழ்ப் பாதிரியாரை அய்யர் என்போம், வெள்ளைக்காரப் பாதிரியாரைத் துரை என்போம். சேலம் ஜில்லாவில், தர்மபுரி தாண்டி இண்டூர்ப் பக்கம் இருக்கிறது அந்தக் கம்பவுண்டு. பழைய துரை யுத்தம் முடிந்ததும் சீமைக்குப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் இப்போது நம்மவர் உட்கார்ந்திருக்கிறார். பாரம் மட்டும் பழைய பாரம்தான்.

"கர்த்தருக்குள் பிரியமான சகோதரரே" என்று கடிதம் தொடங்கியது. வெளியே அனுப்பிய அன்றைக்கு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர் வேண்டும். ஓட்டு வீடு ஒன்று காலியாக இருக்கிறது, கிணறு பக்கத்திலேயே. மகளுக்குப் போர்டிங் பள்ளியில் இலவசமாக இடம் உண்டு. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். அஞ்ஞானிகளின் சடங்கில் கலந்து பாவம் செய்தேன், இனி சபையின் ஒழுங்குக்கு முற்றிலும் கீழ்ப்படிவேன் என்று அதில் அச்சடித்திருந்தது. என்ன பாவம் என்று எழுதுவதற்குக் கோடு போட்ட இடம் விட்டிருந்தார்கள். இடம் தாராளமாகவே இருந்தது.

கடிதத்தை என் மகள் கிருபைதான் வாசித்தாள். பத்து வயது. இங்கேயே பிறந்தவள். படிப்பது இங்கிலீஷ், விளையாடுவது மலாய்ப் பிள்ளைகளோடு. தமிழை எழுத்துக் கூட்டி, வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி வாசிப்பாள்.

"கம்பவுண்டுன்னா என்னாப்பா?" என்றாள்.

"சுத்திலும் சுவரு. உள்ளார வூடு, கோயிலு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும்."

"பாகாரா?" மலாய்க்காரர்கள் வேலியை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா, பாகாருதான்."

"எதுக்குப்பா பாகாரு? மாடு ஓடிப்போயிடும்னா?"

என் மனைவி சலோமி அடுப்படியிலிருந்து வந்து அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஆண்டவரோட எடத்த மாட்டுப்பட்டிங்கறா பாருங்க. எல்லாம் நீங்க குடுக்கற எடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் திட்டு விழுந்தது.

2

ஊரில் இருக்கும் நீங்கள் என்னை நன்றி கெட்டவன் என்பீர்கள். ஆகையால் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மிஷனில் சேருவதற்கு முன்னால் எங்கள் சனம் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. கம்பவுண்டுக்குள் வந்த பிறகுதான் காலில் செருப்பு, உடம்பில் சட்டை, கையில் சிலேட்டு. காலரா வந்த வருஷம் கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது என்று துரை தடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வெளியே சனம் செத்தது, நாங்கள் பிழைத்தோம். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் அங்கேதான் கற்றேன். இன்றைக்கு நான் சாப்பிடுவது அந்தப் படிப்பில்தான். இதையெல்லாம் மறந்தால் நான் மனுஷன் இல்லை.

ஆனால் அந்தச் செருப்போடு கம்பவுண்டு வாசலைத் தாண்ட வேண்டுமானால் சீட்டு வேண்டும். சந்தைக்குப் போகச் சீட்டு, உறவுக்காரன் வீட்டுக்குப் போகச் சீட்டு. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் ஜெபிக்க வேண்டும், மணி அடித்தால் விளக்கை அணைக்க வேண்டும். எனக்குப் பெண் பார்த்ததே துரையின் மனைவிதான். போர்டிங் பெண்கள் தைத்த தலையணை உறைகளை மேஜைமேல் வரிசையாக வைத்து, எந்தத் தையல் நேர்த்தி என்று கேட்டார். எனக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றைக் காட்டினேன். அதைத் தைத்த பெண்ணை எனக்குக் கட்டி வைத்தார்கள். அந்த உறையைத் தான் தைக்கவில்லை, பக்கத்தில் இருந்த பெண் தைத்தது, சீட்டை மாற்றிக் குத்திவிட்டார்கள் என்று சலோமி இன்றுவரை சொல்கிறாள். சண்டை வரும்போதெல்லாம் சொல்கிறாள்.

மாதத்துக்கு ஒரு முறை திருவிருந்து நடக்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை பங்களா வராந்தாவில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். துரை கேள்வி கேட்பார். கள்ளுக்கடைப் பக்கம் போனாயா, பெண்டாட்டியை அடித்தாயா, தெருக்கூத்துப் பார்த்தாயா? பதில் அவருக்குத் திருப்தியானால் முத்திரை குத்திய அட்டைச் சீட்டு ஒன்று கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கொடுத்தால்தான் ரொட்டி. நாங்கள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது அந்த வராந்தாவில்தான். கூத்துப் பார்க்காத ஒரே ஆள் எங்கள் கம்பவுண்டில் துரைதான்.

துரை கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. எங்கள் மூத்த பையன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் கட்டிலை விட்டு நகராமல் தன் கையாலேயே மருந்து புகட்டினார். பிள்ளை செத்துப்போனான். குழியில் மண் போடும்போது துரை குழந்தை மாதிரி அழுதார். கெட்டவர் கட்டின கயிறு உறுத்தும், அறுத்துக்கொண்டு ஓடிவிடலாம். நல்லவர் கட்டின கயிறு மெத்தென்று இருக்கும். அதில் தூக்கம்கூட வரும்.

3

என் தாய்மாமன் மிஷனில் சேராதவர். அரூர்ப் பக்கம், சித்தேரி மலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். நாங்கள் கம்பவுண்டுக்கு வருவதற்கு முன்னால், மழை இல்லாத ஒரு வருஷம், எங்களைத் தன் வீட்டில் வைத்துக் களி போட்டவர். தன் பிள்ளைகளுக்கு உருண்டையைச் சின்னதாக்கி எனக்குப் பெரிதாகப் பிடிப்பார். அதைப் பார்த்து அவர் பிள்ளைகள் என்னை முறைப்பார்கள். அந்த முறைப்பும் ஞாபகம் இருக்கிறது, களியின் சூடும் ஞாபகம் இருக்கிறது.

அவர் செத்துப்போன சேதி வந்தது. துரை ஒரு நாள் சீட்டுக் கொடுத்தார். "துக்கம் விசாரிக்கலாம். சடங்கில் கலக்கக் கூடாது" என்றார்.

எங்கள் சனத்தில் பாடை எடுப்பதற்கு முன்னால் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து செத்தவர் வாயில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். வாய்க்கரிசி. அக்காள் மகன் வந்து நின்றுகொண்டு போடாவிட்டால் செத்தவருக்கு அதைவிட அவமானம் இல்லை. அத்தை அரிசித் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"வேதத்துல சேந்தவங்க போட மாட்டாங்கன்னு இவங்கெல்லாம் சொல்றாங்க. நெசமாப்பா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். நான் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

நான் திரும்புவதற்குள் அரிசி கம்பவுண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துரை என்னை எழுப்பி நிறுத்தினார். துரை பேசுவது புத்தகத் தமிழ்.

"நீர் அந்த அரிசியைப் போட்டது உண்டா?"

"உண்டுங்க."

"அறிந்து செய்தீரா, அறியாமல் செய்தீரா?"

"அரிசின்னு அறிஞ்சுதானுங்க போட்டன்."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

"அது பிசாசுக்கு இடும் படையல் என்று உமக்குப் போதிக்கப்படவில்லையா?"

"அது எங்க மாமன் வாயிங்க."

"உமக்கு வருத்தம் உண்டா?"

"இருக்குதுங்க. இன்னொரு பிடி போட்டிருக்கலாம்."

சபை சிரித்தது. துரைக்கு முகம் சிவந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தவணை கொடுத்தார். பாவம் செய்தேன் என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும், வேலையும் வீடும் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

கம்பவுண்டே வந்து எனக்குப் புத்தி சொன்னது. வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போ என்றார்கள். அவர்கள் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. நான் செய்த பாவங்கள் எத்தனையோ இருந்தன. அந்த வராந்தாவில் சொன்ன பொய்களே ஒரு வண்டி. அவற்றை ஒப்புக்கொள்ள எனக்குத் தடை இல்லை, யாரும் கேட்கவில்லை. செய்யாத பாவத்தைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பிறகு எது பாவம், எது பாசம் என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும். சாகிறவரை சனிக்கிழமை சனிக்கிழமை வராந்தாவுக்குப் போய் துரையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஆண்டவர் சிலுவையில் தொங்கியது நான் இன்னொருத்தர் வராந்தாவில் வரிசையில் நிற்பதற்காக இல்லை. இதைத் துரையிடம் சொன்னேன். இத்தனை மரியாதையாகச் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது நானும் சலோமியும் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். பிறகு நாகப்பட்டினம், கப்பல், பினாங்கு.

4

இங்கே வந்ததும் டவுனில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போனேன். சபையில் சேர வேண்டும் என்றேன். பழைய சபையின் நற்சாட்சிக் கடிதம் எங்கே என்றார் அந்த அய்யர். இல்லை என்றேன். எழுதி வரவழையுங்கள் என்றார். எழுதினேன். மன்னிப்புக் கேட்ட பிறகுதான் நற்சாட்சி என்று பதில் வந்தது. ஆகவே டவுன் கோயிலில் பதினோரு வருஷமாக நான் பார்வையாளன். காணாமல் போன ஒரு ஆட்டைத் தேடி மேய்ப்பன் போன கதையை அந்தக் கோயிலிலும் கேட்டேன். அந்த ஆட்டிடம் கடிதம் இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது வந்த பாரத்தில் மூன்றாவது கோடு, தற்போதைய சபைக் குருவானவரின் சாட்சிக் கையெழுத்து. அதை வாங்க டவுனுக்குப் போனேன். "நீர் எங்கள் சபை அங்கத்தினர் இல்லையே, நான் எப்படிச் சாட்சி சொல்வது?" என்றார் அய்யர். அங்கத்தினர் ஆவதற்கு என்ன வேண்டும் என்றேன். "பழைய சபையின் கடிதம்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. நல்ல மனுஷர். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

டவுனுக்கு எதற்குப் போனாய் என்று நீங்கள் கேட்கலாம். கையெழுத்துப் போடலாமா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதனால்தான் போனேன். எகிப்தில் அடிமையாக இருந்து தப்பி வந்த சனம் வனாந்தரத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை நினைத்து அழுததாம். எனக்கு அந்த ஓட்டு வீடு. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கால் வீங்கிப்போன உடம்பு இது. பக்கத்திலேயே கிணறு என்று படித்ததும் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது.

தோட்டத்தில் எங்களுக்கென்று ஒரு கோயில் உண்டு. கோயில் என்றால் லயத்தின், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின், கடைசி வீடு, என் வீடு. எட்டுக் குடும்பம். யாரும் அதற்கு அனுமதி தரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வாசிக்கத் தெரிந்தவன் வாசிப்பான். அழ வேண்டியவள் அழுவாள். பெயர் தெரியாத யாரோ கட்டிய பாட்டை மெட்டுத் தெரியாமல் பாடுவோம். பாய் கடை ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பேன். யுத்த காலத்தில் ரொட்டிக்குப் பதில் மரவள்ளி, திராட்சரசத்துக்குப் பதில் வெல்லத் தண்ணீர். சீட்டு கிடையாது. ஆண்டவர் அந்த வீட்டுக்கு வந்தார் என்று நான் அடித்துச் சொல்வேன். பங்களாவைவிட எங்கள் வீட்டில் இடம் குறைவு, ஆனாலும் வந்தார்.

5

சனிக்கிழமை மத்தியானம் சலோமி பேச்சை எடுத்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போட்டுத் தொலைங்களே. ஆஸ்பத்திரியில தெனமும் நூறு கையெழுத்துப் போடறீங்க. இது நூத்தி ஒண்ணு."

"பொய்க்குப் போட மாட்டன்."

"தோட்டத்துல எல்லாரும் சௌக்கியம்னு டாக்டருக்கு வாராவாரம் எழுதறீங்களே, அது நெசமா?"

"அது வேற."

"உங்களுக்கு எல்லாமே வேறதான்." கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அங்க நம்ம பையன் கெடக்கறான். பதினோரு வருசமாச்சு. புல்லு மொளச்சி குழி எதுன்னே தெரியாம போயிருக்கும். ஒருவாட்டி போயி தலமாட்டுல ஒரு கல்லு வெக்கணும். அதுக்கு அவங்க எதை வாசிக்கச் சொன்னாலும் நான் வாசிப்பன். நீங்க மாட்டீங்க."

இதற்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நானோ பிரசங்கம் செய்தேன். வயிறு நிறைந்த அடிமையைவிடப் பட்டினி கிடக்கும் விடுதலைக்காரன் மேல் என்றேன். மனுஷனுடைய மனசாட்சிக்கும் கடவுளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார எவனுக்கும் உரிமை இல்லை என்றேன். சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும்.

முடிகிறவரை சலோமி பொறுமையாக இருந்தாள். "அப்ப தாசு என்னா பண்ணினான்?" என்றாள்.

தாசன் யார் என்று சொல்கிறேன். அரூர்ப் பக்கத்து ஆள், பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தை உளியால் கீறிப் பால் எடுக்கிறவன், எங்கள் எட்டுக் குடும்பத்தில் ஒருவன். ஜப்பான்காரன் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவன் மனைவி முனியம்மா வேதத்தில் சேராதவள். புருஷன் உயிரோடு வந்தால் அவன் கையாலேயே பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அவன் வந்தான், எலும்பும் தோலுமாக. திருவிழாவில் பால்குடம் எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டி பிட்கும் முன்னால் நான் அவனை எழுப்பி நிறுத்தினேன். பால்குடம் எடுத்த கையால் இதை வாங்க முடியாது, தப்பு என்று ஒரு வார்த்தை சொல், போதும் என்றேன்.

"எம்பொண்டாட்டி சொன்ன சொல்ல நான் காப்பாத்தினன். அது தப்புன்னா நான் உசுரோட திரும்பினதும் தப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது நடந்து ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு வரவில்லை. உளி பட்டுக் கை கிழிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வராமல் புகையிலையை வைத்துக் கட்டிக்கொள்வான். யார் யார் வந்தார்கள், யார் ஒழுங்கு மீறினார்கள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். தாசன் பெயருக்கு நேராக விலக்கம் என்று நானே எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

"அது வேற" என்றேன் சலோமியிடம்.

"என்னா வேற? தொர சீட்டு வெச்சிருந்தாரு, நீங்க நோட்டு வெச்சிருக்கறீங்க. தொரயாவது கூட உக்காந்து அழுவாரு."

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவேன். கையில் கிருபையின் சிலேட்டு இருந்தது. வீசவில்லை. அவள் சொன்னதில் வீசுவதற்கு ஒன்றும் இல்லை.

"கையெழுத்துப் போடுங்கன்னும் சொல்ல மாட்டன், போடாதீங்கன்னும் சொல்ல மாட்டன். தாசு வூட்டுக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்து பேனாவ எடுங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஆராதனையை நிறுத்திவிட்டேன். காய்ச்சல் இல்லை. இதுவும் ஒரு பொய்.

6

திங்கட்கிழமை வெட்டு முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு போனேன். முனியம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிச் சொன்னாள்: "ஏங்க, ஒலகம் அழியற நாளு வந்துருச்சாட்டம் இருக்குது. டிரெஸ்ஸரு நம்ம வாசல்ல நிக்கறாரு."

தாசன் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே பேசினேன்.

"தாசு, நீ ஞாயித்துக்கெழமை வரணும்."

"ஒங்க ரொட்டி இல்லாம பழகிப் போச்சுங்கண்ணா. மொதல்ல கொஞ்ச நாளு கஷ்டமா இருந்துச்சு, பீடிய உட்ட மாதிரி. இப்ப இல்லீங்க."

"எல்லாருக்கும் நீ இல்லாதது கொறையா இருக்குது."

"எல்லாருக்குமா, ஒங்களுக்கா?"

"எனக்கு."

உளியைத் திருப்பிப் பிடித்துத் தீட்டினான். "வந்தா எங்க உக்காரணும்?"

"எல்லாரும் உக்கார்ற எடத்துல."

"என்னா சொல்லணும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"என்னா சொல்லணும்?"

"என்னய எந்த எடத்துல நிக்க வெச்சீங்களோ அதே எடத்துல எந்திரிச்சி நின்னு, பண்ணது தப்புன்னு சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும். இங்க வந்து என் காதுல சொல்றதெல்லாம் எனக்கு வேணாமுங்க."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. சபைக்கு முன்னால் எழுந்து நின்று. அய்யர் கடிதத்தில் இருந்த அதே வாசகம். துரையிடம் நிமிர்ந்து நின்றவன் நான், இவன் யார் எனக்குச் சொல்ல என்று வாய்வரை வந்தது.

முனியம்மா குறுக்கே பேசினாள். "கொடம் எடுத்தது அவரு. வேண்டிக்கிட்டது நானு. அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் எதுக்குடி வேண்டிக்கிட்டன்னு என்னய யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எதுக்கும்மா வேண்டிக்கிட்ட?" என்றேன்.

"ஒங்க சாமிகிட்டயும்தான் கேட்டுப் பாத்தன். அவருக்கு என்னா நேந்துக்கறதுன்னு எனக்குத் தெரியல. மாரியாத்தாளுக்குன்னா தெரியும்." துணியை உதறினாள். "இவர யாரு கொண்டாந்து உட்டாங்களோ நான் பாக்கல. கொடுத்த வார்த்தய மட்டும் காப்பாத்தினன்."

தட்டை நீட்டிய என் அத்தையும் இவ்வளவுதான் கேட்டாள். அவளுக்கு ஒரு பிடி அரிசி போட்டேன். இவளுக்கு என்ன போட்டேன்?

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அய்யர் கேட்பதும் எழுந்து நிற்பதைத்தான், தாசன் கேட்பதும் எழுந்து நிற்பதைத்தான். அங்கே நின்றால் ஓட்டு வீடு கிடைக்கும், சொல்வது பொய்யாக இருக்கும். இங்கே நின்றால் ஒன்றும் கிடைக்காது, இருக்கிற மரியாதையும் போகும், சொல்வது நிஜமாக இருக்கும். மன்னிப்புக் கேட்காததைத்தான் இத்தனை வருஷமும் நான் விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மொரப்பூரில் ரயில் ஏறியபோது அது விடுதலையாகத்தான் இருந்தது. நடுவில் எங்கேயோ அதைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டி, வாசலில் நானே உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அது சுகமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

7

அன்றைக்கே அய்யருக்குப் பதில் எழுதினேன். சுருக்கமான கடிதம்.

"வீட்டுக்கு நன்றி. கையெழுத்து இல்லை. என் மாமன் வாயில் அரிசி போட்டது பாவம் இல்லை. உங்கள் வராந்தாவில் பல வருஷம் பொய் சொன்னேன், அது பாவம். அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் தெரிவிக்கிறேன். நான் வர மாட்டேன். என் மனைவி ஒரு நாள் வருவாள். எங்கள் பையன் குழிக்குத் தலைமாட்டில் கல் வைக்க வருவாள். வாசலில் அவளிடம் சீட்டுக் கேட்காதீர்கள்."

சலோமி வாசித்தாள். "வூடு போச்சு" என்றாள். இன்னொரு முறை வாசித்தாள். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "கெணத்தடியிலருந்து மூணாவது குழின்னு எழுதுங்க. புல்லு வெட்டி வெக்கச் சொல்லுங்க" என்றாள். எழுதினேன். ஒட்டி அவளே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள். வந்ததும் அழுதாள். கூட உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து நிற்கிறேன் என்று தாசனுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். எட்டுக் குடும்பமும் வந்திருந்தது. தாசன் கதவோரத்தில் உட்கார்ந்தான், முனியம்மா அவன் பக்கத்தில். அவள் எங்கள் ஆராதனைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நடக்கப்போவதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள், அதை அவள் மறைக்கவும் இல்லை.

ரொட்டிக்கு முன்னால் எழுந்து, அவனை நிற்க வைத்த இடத்தில் போய் நின்றேன். துரை முன்னால் நிற்பது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"தாசு பால்கொடம் எடுத்தப்ப நான் அவன இங்க நிக்க வெச்சன்" என்றேன். "ஆண்டவரு காரியம்னு சொன்னன். அது என் காரியம். ஒருத்தன நிக்க வெக்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நான் பண்ணது தப்பு."

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த காது மந்தமான கிழவர் மட்டும் பக்கத்து ஆளைக் கேட்டார்.

"என்னான்றாரு?"

"தப்பு பண்ணிட்டாராம்."

"யாரு?"

"டிரெஸ்ஸரு."

"எனக்குக் கேக்கலயே, இன்னொருவாட்டி சொல்லச் சொல்லு."

இன்னொரு முறை சொன்னேன், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. கிருபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனியம்மா வாயைப் பொத்தாமலே சிரித்தாள்.

தாசன் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சயாமிலிருந்து வந்தவனுக்கு ஒரு ஆளை எடை போடத் தெரியும்.

"சரி, உக்காருங்கண்ணா. ரொட்டி காயுது" என்றான்.

உட்கார்ந்தேன்.